விண்மீன் மண்டலங்கள்: ஆப்பச் சட்டியைச் சாய்ப்பது யார்?

ஆப்பம் சுடத் தெரிந்தவர்களுக்கு ஒரு விண்மீன் மண்டலத்தின் அமைப்பில் பாதி ஏற்கெனவே கைப்பழக்கத்தில் இருக்கிறது. காய்ந்த சட்டியில் ஒரு கரண்டி மாவை ஊற்றி, இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரே சுற்றாகச் சுற்றுகிறோம். மாவு விளிம்பு வரை ஏறி மெல்லிய வலைபோல ஒட்டிக்கொள்கிறது. மிச்சம் நடுவில் இறங்கிக் குவிகிறது. மூடி போட்டு எடுத்தால் ஓரம் முறுகல், நடு பஞ்சு. நம் பால்வீதியைப் பக்கவாட்டில் பார்க்க முடிந்தால் இதே உருவம்தான் தெரியும்: சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்கு மெல்லிய தட்டு, நடுவில் தடித்த புடைப்பு. சூரியன் அந்த மெல்லிய பகுதியில், மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது.

ஆப்பம் வெந்துகொண்டிருக்கும்போது யாராவது வந்து சட்டியைச் சாய்த்தால் என்ன ஆகும்? வானத்தில் அப்படிச் சாய்க்க எப்போதும் ஆள் இருக்கிறது. பக்கத்து மண்டலம்தான் அந்த ஆள்.

மாவு, வெந்தது, சட்டி

ஆப்பத்தில் மூன்று சங்கதிகளைப் பிரித்துப் பார்க்கலாம்: வேகாத மாவு, வெந்த மாவு, இரண்டையும் தாங்கும் சட்டி. விண்மீன் மண்டலத்திலும் இந்த மூன்றும் உண்டு. அண்டை மண்டலம் நெருங்கும்போது மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. வடிவம் எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு விடையே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

வேகாத மாவு என்பது விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் வாயு. பெரும்பாலும் ஹைட்ரஜன், அடுத்தபடியாக ஹீலியம், கொஞ்சம் தூசு. இது ஓடும், ஒன்றோடு ஒன்று முட்டும், கெட்டியாகும், வேகும். வெந்தது விண்மீன்கள். நம் சூரியன் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்து முடிந்தது. வெந்தபின் அது மாவைப்போல ஓடாது, பக்கத்து விண்மீனோடு ஒட்டாது. தன் பாதையில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, சட்டி. அதைக் கரும்பொருள் என்கிறோம். அதிலிருந்து ஒளி வருவதில்லை. அதன் ஈர்ப்பு மட்டும் நமக்குத் தெரிகிறது. 1970களில் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமீடா முதலான மண்டலங்களின் சுழற்சியை அளந்தார்கள். வெளியோரத்தில் சுழலும் பொருள் அவ்வளவு வேகத்தில் தெறித்துப் போகாமல் இருக்க வேண்டுமானால், கண்ணுக்குத் தெரிவதைவிடப் பன்மடங்கு எடை அங்கே இருந்தாக வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்தது. பால்வீதியின் மொத்த எடையில் விண்மீன்களின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. அடுக்களையிலும் கணக்கு அதுதானே, இரும்புச் சட்டியின் கனத்துக்கு முன் ஒரு கரண்டி மாவு எம்மாத்திரம்? ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இரும்புச் சட்டி விறைப்பானது. கரும்பொருள் சட்டியோ இளகும், நீளும், இன்னொரு சட்டிக்குள் நுழைந்து அதோடு ஒன்றாகும்.

அண்டை எவ்வளவு அருகில்?

மண்டலங்கள் மோதுகின்றன என்றதும் விண்மீனும் விண்மீனும் முட்டிச் சிதறுவதாகத்தான் மனத்தில் தோன்றும். அது தவறான படம். சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சூரியனின் விட்டம் 14 லட்சம் கிலோமீட்டர். ஆக இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 3 கோடி சூரியன்களை வரிசையாக அடுக்கலாம். அவ்வளவு வெற்றிடம் இருக்கும்போது இரண்டு விண்மீன்கள் முட்டிக்கொள்வது அரிதிலும் அரிது.

மண்டலங்களின் கதை வேறு. பால்வீதியின் தட்டு 1 லட்சம் ஒளியாண்டு, ஆண்ட்ரோமீடா இருப்பது 25 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால். நடுவே 25 பால்வீதிகளை வைத்தால் இடம் நிறைந்துவிடும். விண்மீன்கள் தங்கள் உடலளவைப்போல் கோடி மடங்கு தள்ளி வாழ்கின்றன. மண்டலங்களோ சில பத்து மடங்குக்குள் வாழ்கின்றன. அதனால்தான் விண்மீன்கள் மோதாத பேரண்டத்தில் மண்டலங்கள் ஓயாமல் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கின்றன.

உரசும்போது என்ன நடக்கும் என்று முதலில் செய்து பார்த்தவர் ஸ்வீடனின் லுண்ட் நகரத்து வானியலாளர் எரிக் ஹோல்ம்பெர்க். ஆண்டு 1941, கணினி இல்லாத காலம். இரண்டு மண்டலங்கள் ஒன்றையொன்று கடக்கும்போது அவற்றிலுள்ள ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளாலும் இழுக்கப்படும். அந்தக் கணக்கைக் கையால் போட்டு முடிக்க ஓர் ஆயுள் போதாது. ஹோல்ம்பெர்க் கணக்கை ஒளியிடம் ஒப்படைத்தார். தூரம் இரண்டு மடங்கானால் விளக்கின் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். ஈர்ப்பு விசையும் அதே விதிப்படிதான் குறைகிறது. ஆகவே மண்டலம் ஒன்றுக்கு 37 மின்விளக்குகள் வீதம் மொத்தம் 74 விளக்குகளை மேசையில் பரப்பினார். ஒரு விளக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒளியை உணரும் ஒளிமின்கலத்தை வைத்தார். எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று அளந்தார். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் இழுப்பு அதிகம். அளவுக்கேற்ப விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, அடுத்த விளக்குக்குப் போனார். 74 விளக்குகளுக்கும் இப்படிச் செய்து முடித்தால் காலம் ஓர் எட்டு நகர்ந்திருக்கும். பிறகு மறுபடியும் முதல் விளக்கு.

வானியலில் நடந்த சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. எந்த உபகரணமும் இல்லாத விஷயத்துக்கு, வீட்டில் எரிகிற விளக்கையே உபகரணமாக்கிய யோசனை அது. பலனும் கிடைத்தது. நெருங்கிக் கடந்த விளக்குக் கூட்டங்களின் வட்ட வடிவம் கலைந்தது, ஓரத்திலிருந்து கைகள் நீண்டன. கூடவே இரண்டு கூட்டங்களும் தங்கள் வேகத்தை இழந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் போக்கும் தெரிந்தது.

ஓரம் ஓடும், நடு நிற்கும்

இப்போது சட்டியைச் சாய்ப்போம். மாவு ஊற்றிச் சுற்றிய கணத்தில் சட்டி ஒரு பக்கம் சரிந்தால் முதலில் ஓடுவது ஓரத்து மாவு. மெல்லியதாய், பிடிப்பில்லாமல் இருப்பதால் அது நாக்குபோல நீண்டுவிடும். நடுவில் குவிந்த மாவு அசைந்தாலும் இடம் மாறாது.

மண்டலத்திலும் அப்படியே. மையத்துக்கு அருகில் உள்ள விண்மீன்களைச் சொந்த ஈர்ப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது. வெளியோரத்தில் அந்தப் பிடி தளர்ந்திருக்கிறது. அண்டை மண்டலம் நெருங்கும்போது தன்னை நோக்கிய பக்கத்தை அதிகமாகவும், மையத்தை அதைவிடக் குறைவாகவும், மறுபக்கத்தை இன்னும் குறைவாகவும் இழுக்கிறது. மொத்தத்தில் மண்டலம் இரண்டு பக்கமும் நீள்கிறது. நிலவின் இழுப்பால் கடல் நிலவு இருக்கும் பக்கமும் எதிர்ப்பக்கமும் உயர்வதும் இதே ஓத விசையால்தான். இந்த விசை தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் பாதியானால் எட்டு மடங்காகும். ஆகவே ஒரு மண்டலம் தொலைவில் இருக்கும் காலமெல்லாம் ஒன்றும் தெரியாது. மிக நெருங்கும் அந்தச் சில பத்துக் கோடி ஆண்டுகளில் எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

அண்டை மண்டலத்தை நோக்கி நீளும் நாக்கு ஒரு பாலமாகிறது. எதிர்ப்பக்கம் நீள்வது வாலாகிறது. இதை நிறுவியவர்கள் ஆலர் டூம்ரே, யூரி டூம்ரே என்ற சகோதரர்கள். போர்க்காலத்தில் எஸ்டோனியாவை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறி அமெரிக்கா சேர்ந்தவர்கள். 1972இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கு முன் பெரும்பாலானோர் இதை நம்பவில்லை. ஓத விசை என்பது பொருளைப் பரவலாக உப்ப வைக்கும், ஊசிபோல மெலிந்த வால்களை அது எப்படி உண்டாக்கும் என்று கேட்டார்கள். காந்தப் புலமோ மையத்தில் நடந்த வெடிப்போதான் காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. ஹால்டன் ஆர்ப் 1966இல் 338 விசித்திர மண்டலங்களின் படத்தொகுப்பை வெளியிட்டிருந்தார். வாலும் பாலமும் வளையமுமாக அதில் நிறைந்திருந்த உருவங்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது.

டூம்ரே சகோதரர்கள் கணினியில் ஒரு மையத்தைச் சுற்றி வட்ட வட்டமாகப் புள்ளிகளைச் சுழலவிட்டு, பக்கத்தில் இன்னொரு எடையைக் கடக்கவிட்டார்கள். அவ்வளவுதான். காந்தம் இல்லை, வெடிப்பு இல்லை, ஈர்ப்பு மட்டுமே. மெல்லிய வால்கள் வந்தன.

அதைவிட முக்கியமான ஒன்றும் வந்தது. சட்டியை நாம் இடமிருந்து வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று வையுங்கள். மாவு ஓடும் திசையிலேயே சாய்வும் கூடவே நகர்ந்தால் அதே மாவு தொடர்ந்து இழுபட்டு வெகுதூரம் ஓடும். சாய்வு எதிர்த்திசையில் நகர்ந்தால் மாவின் எந்தப் பகுதியும் நெடுநேரம் இழுபடாது. கொஞ்சம் அலைபாய்ந்து அடங்கிவிடும். மண்டலத்தின் சுழற்சித் திசையிலேயே அண்டை மண்டலம் கடந்து போனால் ஓரத்து விண்மீன்களுக்கு அது கூடவே வருவதுபோல ஆகிறது. இழுப்பு மேல் இழுப்பாகச் சேர்ந்து நீண்ட வால் கிளம்புகிறது. எதிர்த்திசையில் கடந்தால் இழுப்பின் திசை விறுவிறுவென மாறி, ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடுகிறது. எடையும் தூரமும் ஒன்றாகவே இருந்தாலும், போன திசை மாறினால் ஒரு மண்டலம் உருக்குலையும், மற்றொன்று ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

இதை நேரில் காட்டும் இணை ஒன்று நமக்குப் பழக்கமான வானப் பகுதியிலேயே இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களின் முன்னிரவில் தென் வானில் அஸ்த நட்சத்திரக் கூட்டம் உள்ளங்கைபோலத் தெரியும். வெறுங்கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் திசையில்தான், 6 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால், என்ஜிசி 4038, என்ஜிசி 4039 என்ற இரண்டு மண்டலங்கள் பின்னிக்கிடக்கின்றன. இரண்டிலிருந்தும் கிளம்பிய இரு வால்கள் பூச்சியின் உணர்கொம்புகள்போல லட்சக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு வளைந்து போவதால் அவற்றுக்கு ஆன்டெனா மண்டலங்கள் என்று பெயர். இரண்டு தட்டுகளுமே ஒத்த திசையில் சுழன்றதால் இரண்டு வால்களும் நீளமாக வந்தன. சுண்டெலிகள் எனப்படும் என்ஜிசி 4676 இணையில் ஒரு வால் அளவுகோல் வைத்து வரைந்ததுபோல நேராக இருக்கிறது. உண்மையில் அதுவும் வளைந்த வால்தான். நாம் அதை விளிம்புப் பக்கமிருந்து பார்க்கிறோம். ஆப்பத்தைக் கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தால் வட்ட ஓரம் நேர்கோடாகத் தெரியுமே, அதுபோல.

1845இல் அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபு தன் 72 அங்குலத் தொலைநோக்கியால் பார்த்து வரைந்த எம்51 நீர்ச்சுழி மண்டலமும் இந்த வகையே. வானில் சுருள் வடிவம் ஒன்றை மனிதன் கண்டது அதுதான் முதல்முறை. அந்த ஓவியத்திலேயே சுருளின் ஒரு கை நீண்டு பக்கத்தில் இருக்கும் சிறிய மண்டலத்தைத் தொடுகிறது. இன்று என்ஜிசி 5195 என்று அழைக்கப்படும் அந்தச் சிறியதுதான் எம்51இன் கைகளை இவ்வளவு எடுப்பாக்கியது என்பதை டூம்ரே சகோதரர்களின் கணக்கு காட்டியது. ஆனால் எல்லாச் சுருளையும் அண்டை வீட்டார் தலையில் போட்டுவிடக் கூடாது. தனித்திருக்கும் தட்டுகளும் தாமாகவே சுருள் கைகளை உண்டாக்கிக்கொள்ளும். அண்டை மண்டலம் அதைத் தூண்டி, இரண்டே இரண்டு பெரிய கைகளாகத் தெளிவாக்கிவிடுகிறது.

நடுவில் விழுந்தால்

முட்டை ஆப்பம் சுடும்போது இளகிய மாவின் நடுவில் முட்டையை உடைத்து விட்டால், அந்த அதிர்வில் மாவு ஒரு வளையமாக வெளியே விரியும். வானத்திலும் ஒரு சிறிய மண்டலம் பெரிய மண்டலத்தின் நடுவை நேராகத் துளைத்துப் போவதுண்டு. உள்ளே நுழைந்த கணத்தில் மையத்தின் எடை திடீரெனக் கூடுகிறது. எல்லா விண்மீன்களும் உள்நோக்கி நகர்கின்றன. வந்தது மறுபக்கம் வெளியேறியதும் பிடி தளர்ந்து எல்லாம் வெளிநோக்கித் திரும்புகின்றன. அந்த அலை வளையமாக விரிகிறது. போகும் வழியில் வாயுவை நெருக்கிப் புதிய விண்மீன்களை வேகவைத்துக்கொண்டே போகிறது.

வண்டிச் சக்கர மண்டலம் இப்படிப் பிறந்தது. சுமார் 50 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அதன் வெளி வளையம் நம் பால்வீதியின் தட்டைவிடப் பெரியது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 ஆகஸ்டில் வெளியிட்ட படத்தில் வெளி வளையம், உள் வளையம், இரண்டையும் இணைக்கும் ஆரைகள் எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. இது அரிய நிகழ்வு. நடுவை அவ்வளவு சரியாகக் குறிபார்த்துத் துளைப்பவை குறைவு.

ஈரம் எங்கே போகிறது?

சாய்த்த சட்டியை நிமிர்த்துங்கள். வெந்து ஒட்டிய பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னும் ஈரமாக இருக்கும் மாவு மட்டும் வழுக்கி அடியில் குழிந்த இடத்தில் போய்ச் சேரும். மண்டலங்களின் உருமாற்றத்தில் மிக ஆழமான மாற்றம் இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். வாலும் பாலமும் பார்க்க அழகு. ஆனால் அவை காலப்போக்கில் மங்கிவிடும், நடுவில் சேர்ந்தது தங்கிவிடும்.

ஓத விசை தட்டைக் கலைக்கும்போது விண்மீன்கள் மையத்தைச் சுற்றி ஒரு நீள் சட்டம்போல வரிசைகொள்கின்றன. வாயு அந்தச் சட்டத்துக்குச் சற்று முன்னே ஓடுகிறது. வாயுத் திரள்கள் ஒன்றோடொன்று முட்டி வேகத்தை இழப்பவை. விண்மீன்களுக்கு அந்தப் பழக்கமில்லை. பின்னே வரும் விண்மீன் சட்டத்தின் ஈர்ப்பு முன்னே ஓடும் வாயுவைப் பின்னுக்கு இழுக்கிறது. சுழலும் வேகம் போனால் வெளியில் நிற்க முடியாது, மையத்தை நோக்கிச் சரிய வேண்டியதுதான். ஜாஷுவா பார்ன்ஸ், லார்ஸ் ஹெர்ன்குவிஸ்ட் இருவரும் 1990களில் வாயுவையும் சேர்த்துப் போட்ட கணினிக் கணக்குகள் இதைக் காட்டின. தட்டு முழுக்கப் பரவியிருந்த வாயுவில் பெரும்பங்கு மிகச் சிறிய மையப் பகுதிக்குள் திரண்டுவிட்டது.

அவ்வளவு மாவு ஓரிடத்தில் குவிந்தால் வேகும் வேகமும் தாறுமாறாகக் கூடும். பால்வீதியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன்களின் எடை அளவுக்கே புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. 25 கோடி ஒளியாண்டு தொலைவில் ஆர்ப் 220 என்ற மண்டலம் இருக்கிறது. இரண்டு மண்டலங்கள் இணைந்து முடியும் தறுவாயில் இருப்பது. அங்கே அந்த வேகம் நூறு மடங்குக்கும் மேல். தூசு மூடியிருப்பதால் சாதாரண ஒளியில் அது பெரிதாகத் தெரியாது. 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் பார்த்தபோதுதான், அது 1 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட சூரியன்களின் ஆற்றலை உமிழ்கிறது என்று தெரிந்தது.

நம் கண்ணால் பார்த்து, மோதல் நடக்கிறதா இல்லையா என்று முடிவு கட்டவும் கூடாது. எம்81, எம்82 என்ற இணை 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சிறிய தொலைநோக்கியில் ஒரே பார்வையில் இரண்டும் தனித்தனியாக, ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாததுபோலத் தெரியும். வேகாத ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ரேடியோ அலைகளை வெளியிடும். 1994இல் அந்த அலைநீளத்தில் எடுத்த படம் வெளிவந்தபோது கதையே மாறியது. எம்81, எம்82, பக்கத்தில் உள்ள என்ஜிசி 3077 மூன்றும் நீண்ட வாயு நாடாக்களால் பிணைந்திருந்தன. வெந்தது பிரிந்திருக்கிறது, மாவு ஒன்றாக ஓடிக்கிடக்கிறது. எம்82 ஏன் இவ்வளவு வேகமாக விண்மீன்களைப் பிறப்பிக்கிறது என்பதற்கும் அந்தப் படமே பதில்.

இரண்டு சட்டிகள் ஒன்றாகும்போது

கடந்து போன மண்டலம் ஏன் திரும்பி வருகிறது? வந்த வேகத்தில் போய்விட வேண்டாமா? இதற்கான விதியை எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர் 1943இல், விண்மீன் கூட்டங்களுக்குள் நகரும் விண்மீனை மனத்தில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டார். சிறியவற்றின் கூட்டத்துக்குள் எடை மிக்க ஒன்று ஊடுருவிப் போகும்போது, போன வழியில் பின்னால் சிறியவை கொஞ்சம் நெருங்கித் திரள்கின்றன. அந்தத் திரளின் ஈர்ப்பு, போகிறதைப் பின்னிருந்து இழுக்கிறது. எதுவும் எதையும் தொடவில்லை, ஆனாலும் வேகம் குறைகிறது. வானியலாளர்கள் இதை இன்றும் சந்திரசேகர் சூத்திரம் என்றே எடுத்தாள்கிறார்கள்.

ஒரு மண்டலத்தின் கரும்பொருள் சட்டி, தட்டைவிடப் பல மடங்கு அகலமானது. ஆகவே தட்டுகள் தொடுவதற்கு வெகு முன்பே சட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, இந்த இழுப்பு தொடங்கிவிடுகிறது. நம்மை ஒத்த இரு பெரிய மண்டலங்கள் ஒருமுறை கடந்து, கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, மறுபடி கடந்து, ஒவ்வொரு முறையும் நெருக்கம் கூடி, 100 கோடி ஆண்டு கணக்கில் ஒன்றாகின்றன. சட்டி அவ்வளவு கனமாக இல்லாவிட்டால் பல மண்டலங்கள் வெறுமனே கையசைத்துவிட்டுப் போயிருக்கும்.

இணைந்த பின் வடிவம் என்ன? சுட்ட இரண்டு ஆப்பங்களைத் தேங்காய்ப் பால் விட்டுப் பிசைந்து உருட்டினால் உருண்டைதான் கிடைக்கும். முறுகல் ஓரமும் பஞ்சு நடுவும் திரும்பி வராது. இணையும் நேரத்தில் ஈர்ப்பு கணத்துக்குக் கணம் தாறுமாறாக மாறுவதால் ஒழுங்காகச் சுழன்றுகொண்டிருந்த விண்மீன்கள் கண்ட திசைகளில் ஓடத் தொடங்குகின்றன. டொனால்ட் லிண்டன்-பெல் 1967இல் இதன் கோட்பாட்டை வகுத்தார். முடிவில் கிடைப்பது சுருளும் தட்டும் இல்லாத நீள்வட்ட மண்டலம். என்ஜிசி 7252 இதற்கு நல்ல சாட்சி. உள்ளே பார்த்தால் கிட்டத்தட்ட நீள்வட்ட மண்டலம், வெளியே இன்னும் இரண்டு வால்கள் தொங்குகின்றன. இரண்டு தட்டுகள் இருந்ததற்கான அடையாளம் அந்த வால்கள்தான்.

எவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கிறது என்பதே இங்கும் கடைசி வார்த்தையைச் சொல்கிறது. மாவு தீர்ந்துபோன இரண்டு மண்டலங்கள் இணைந்தால் உருண்டைக்கு மேல் உருண்டை, அவ்வளவுதான். மாவு நிறைய இருந்தால் கலவரம் அடங்கியபின் வாயு மறுபடி சுழன்று படிந்து, பழைய உருண்டையைச் சுற்றிப் புதிய தட்டை உண்டாக்கும். வெளியிலிருந்து புதிய வாயு வந்து சேர்ந்தாலும் அப்படியே. பேரண்டத்தின் இளமையில் மண்டலங்கள் அடிக்கடி மோதின. அப்படியிருந்தும் இன்று இத்தனை தட்டு மண்டலங்கள் மிஞ்சியிருப்பதற்கு அன்றைய ஈரம் ஒரு முக்கியக் காரணம்.

மண்டலக் கொத்துகளுக்குள் வாழும் மண்டலங்களின் நிலை இன்னும் கடினம். அங்கே நெருக்கம் மட்டுமல்ல, கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயு நிறைந்த வெளியில் விரைந்து ஓட வேண்டியிருக்கிறது. அந்த எதிர்க்காற்று ஈர மாவை மட்டும் சட்டியிலிருந்து வழித்து எடுத்துவிடும், வெந்த விண்மீன்கள் தப்பிக்கும். ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் 1972இல் இதைக் கணித்தார்கள். ஆலன் டிரெஸ்லர் 1980இல் பல கொத்துகளைக் கணக்கெடுத்தபோது, நெருக்கம் கூடக் கூடச் சுருள்கள் குறைந்து நீள்வட்டங்களும் மங்கிய தட்டுகளும் கூடுவது தெளிவாகத் தெரிந்தது.

நம் சட்டி

பால்வீதி ஒழுங்கான தட்டாகத் தெரிவதால் அதை யாரும் தொடவில்லை என்று நினைத்துவிடலாம். கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்து தந்தபின் அந்த நினைப்பு போய்விட்டது. 2018இல் இரண்டு குழுக்கள் அந்தத் தரவில் ஒரே செய்தியைக் கண்டன. சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் கணிசமான ஒரு மண்டலம் பால்வீதிக்குள் விழுந்து கரைந்திருக்கிறது. அதன் விண்மீன்கள் இன்றும் மற்றவற்றைப்போல வட்டமாகச் சுற்றாமல் மையத்தை நோக்கி விழுந்தும் எழுந்தும் நீண்ட பாதைகளில் போகின்றன. அதே ஆண்டு இன்னொன்றும் வெளிவந்தது. சூரியனின் சுற்றுவட்டாரத்து விண்மீன்கள் தட்டுக்கு மேலும் கீழுமாக ஆடுவதை வரைந்தால் ஒரு நத்தைச் சுருள் கிடைக்கிறது. கடந்த 100 கோடி ஆண்டுகளுக்குள் யாரோ நம் சட்டியைத் தட்டியிருக்கிறார்கள். மாவு இன்னும் ஆடி அடங்கவில்லை. முதல் சந்தேகம் 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட தனுசுக் குறுமண்டலத்தின் மேல். பால்வீதியைச் சுற்றிச் சுற்றி வந்து, தன் விண்மீன்களை ஒரு நீண்ட நாடாவாக இழந்துகொண்டிருக்கும் சிறு மண்டலம் அது.

ஆண்ட்ரோமீடா நம்மை நோக்கி விநாடிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 2012இல் ஹபிள் தொலைநோக்கியின் அளவீடுகளை வைத்து, 400 கோடி ஆண்டுகளில் மோதல் நிச்சயம் என்று அறிவித்தார்கள். பள்ளிப் பாடங்கள் வரை அது போய்ச் சேர்ந்தது. 2025இல் டில் சவாலா தலைமையிலான குழு, அளவீடுகளில் உள்ள பிழை வரம்பையும் மற்ற அண்டை மண்டலங்களின் இழுப்பையும் சேர்த்து 1 லட்சம் முறை கணக்கை ஓட்டிப் பார்த்தது. எம்33 மண்டலத்தைச் சேர்த்தால் இணையும் வாய்ப்பு கூடுகிறது. மகெல்லன் பெருமுகில் என்ற சிறு அண்டை மண்டலத்தைச் சேர்த்தால் குறைகிறது. மொத்தத்தில், அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் இரண்டும் இணைய ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பே என்று முடிவு வந்தது. நிச்சயம் என்று சொல்லிப் பழகிய நாம் இனி அந்தச் சொல்லைக் கைவிடுவதே நேர்மை.

மகெல்லன் பெருமுகில் விஷயத்தில் இவ்வளவு சந்தேகம் இல்லை. நம்மிடமிருந்து சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கும் அது, மார்கழி, தை இரவுகளில் கன்னியாகுமரியிலும் இலங்கையிலும் தெற்கு அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, விளக்கொளி இல்லாத இடத்தில் மங்கலாகத் தெரியக்கூடியது. தன் தம்பியான சிறுமுகிலோடு இழுபறி நடத்தியதில் இரண்டும் இழந்த வாயு, வானில் நீண்ட ஓடையாகப் பின்னால் கிடக்கிறது. பால்வீதித் தட்டின் ஓரம் வளைந்து மடிந்திருப்பதிலும் பெருமுகிலின் இழுப்புக்குப் பங்கு உண்டு. இன்னும் 200 கோடி ஆண்டு சுமாருக்குள் அது பால்வீதிக்குள் இறங்கிவிடும் என்பதே பெரும்பாலான கணக்குகளின் விடை. வரும்போது உலர்ந்து வராது. நம் அண்டைப் பகுதியிலேயே மிகப் பெரிய விண்மீன் பிறப்பிடமான டரன்டுலா நெபுலா அதற்குள்தான் இருக்கிறது. அந்த ஈரம் அடியில் வழுக்கிச் சேரும் இடத்தில், 40 லட்சம் சூரிய எடையோடு இப்போது ஏறக்குறைய பட்டினி கிடக்கும் நம் மையக் கருந்துளை இருக்கிறது. இங்கிலாந்தின் டரம் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்த இணைவில் அதன் எடை எட்டு மடங்கு வரை கூடலாம்.